பைபிளுக்குப் பின்னால் இருந்த போத்தல்

என் அப்பா குடிகாரர் அல்லர். தேவாலயத் திருவிருந்தில் அருந்தும் ஒரு மிடறைத் தவிர, சாகும்வரை அவர் மதுவைத் தொட்டதில்லை. அவரைக் குடிகாரர் ஆக்கியவன் நான்... ஒரே ஒரு பாட்டால்!

அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருக்கக்கூடும். ஆங்கிலப் பாட்டு. கௌபாய்த் தொப்பிக்காரர்கள் பாடும் கன்ட்ரி இசையை ஒலிபரப்பும் வானொலிகளில் இன்னும் போகிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘பைபிளுக்குப் பின்னால் ஒரு போத்தல்’. பாடியவனும் எழுதியவனும் நானே. கேட்டு அழுதேன் என்று எத்தனையோ பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அழுதிருந்தால் உங்களை நான் ஏமாற்றிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிப்பைப் பாடித்தான் ஆறு வருடங்களாகப் பெயர் வாங்கினேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மெல்பேர்னில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அகன்ற தொப்பியும் நீண்ட சப்பாத்தும் போட்டுக்கொண்டு கிளப்புகளில் கித்தார் வாசித்துப் பாடுகிறேன். யாழ்ப்பாணத்தானுக்கு இது என்ன வேடம் என்று சிரிக்கிறீர்களா? எங்கள் சனத்தின் கலியாண வீடுகளில், பெரியவர்களுக்கு இரண்டு பெக் உள்ளே போனதும் எந்தப் பாட்டுகள் கிளம்புகின்றன என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்; பழைய கன்ட்ரிப் பாட்டுகள்தான். அப்பாவுக்கோ அந்த இரண்டு பெக்கும் தேவைப்படவில்லை. சனிக்கிழமைகளில் சேர்ட்டுகளை அயர்ன் பண்ணும்போது கன்ட்ரி கசெட் ஒன்றைப் போட்டுவிட்டு முணுமுணுப்பார். அந்தப் பாட்டுகளில் கர்த்தர் வெறும் காலோடு குசினிக்குள் வந்து கதிரையில் இருப்பதுபோல் இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எனக்கும் அதே ஆசைதான். கோயிலுக்குள் நின்று கர்த்தரைப் பாடுவதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது? கோயில் பக்கமே வராதவன், பியர்க் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிரசங்கம் என்று தெரியாமலே கேட்க வேண்டும். அந்த ஆசையில் பொய் இல்லை. அதை மட்டும் நீங்கள் நம்பலாம்.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். மெல்பேர்னின் ஓரத்தில் கிளென் வேவர்லியில் ஒரு வீடு, சாப்பிடுமுன் ஜெபம், மாலை ரயிலில் நின்றுகொண்டே தூங்கிவிடும் ஒரு தகப்பன், ஒவ்வொரு நாளும் காக்கப்பட்ட ஒரு குடும்பம். நான் பாட்டுப் பதியப்போன ஒலிப்பதிவுக் கூடத்தின் சொந்தக்காரர், ஒரு வெள்ளைக்காரர், மூன்று பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் வீட்டில் யார் கெட்டுப்போனது என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அப்படியென்றால் கடவுளுக்கு அங்கே என்ன வேலை, அந்தப் பாட்டை யார் கேட்பான் என்றார்.

நான் அவரோடு சண்டை போட்டிருக்க வேண்டும்! போடவில்லை. ஏனென்றால் எங்கள் சபையிலும் அதே கதைதான். சாட்சி சொல்லும் நேரத்தில் மைக் யார் கைக்குப் போகும்? சூதாடியவன், அடிதடிக்காரன், மனைவியை விட்டு ஓடித் திரும்பி வந்தவன். அவன் அழுவான், சபையும் அழும். அப்பா நாற்பது வருடங்களாகக் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஒழுங்காக வாழ்ந்த மனிதன் எழுந்து நின்று எதைச் சொல்வது? பஸ்ஸைத் தவறவிட்டேன், பொறுமையாக அடுத்த பஸ்ஸில் வந்தேன் என்றா?

அப்படித்தான் அந்தப் போத்தல் என் ஞாபகத்துக்கு வந்தது.

பைபிளுக்குப் பின்னால் போத்தல் இருந்தது உண்மை! எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ஆங்கிலச் சபையின் கட்டடத்தை ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். பூட்டிவைக்க ஒரு அலுமாரிகூட எங்களுக்குத் தரவில்லை. அதனால் திருவிருந்துக்கான முந்திரிகை ரசம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் சொல்வது புளிக்கவைத்த உண்மையான வைன். அப்பாதான் அதற்குப் பொறுப்பு. ஜெப அறை அலுமாரியில் பெரிய பைபிளுக்குப் பின்னால் நிற்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அளந்து கிண்ணத்தில் ஊற்றுவார். துணியால் போத்தலின் வாயைத் துடைத்து மூடுவார். பிறகு அங்கியைப் போட்டுக்கொண்டு போதகருக்கு அருகில் நின்று கிண்ணத்தைப் பிடிப்பார். அவருடைய வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்ட ஒரே வேலை அது.

அந்தப் போத்தலை எடுத்து நான் அவர் கையில் கொடுத்தேன்... பாட்டில்.

பாட்டின் கதை இதுதான். பதினைந்து வயதுப் பையன், தகப்பன் பைபிளுக்குப் பின்னால் ஒளித்த போத்தலைக் கண்டுபிடிக்கிறான். தகப்பன் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். தாய் அழுது ஜெபிக்கிறாள். ஒருநாள் தகப்பன் போத்தலை எடுக்கப் போக, கை பைபிளில் படுகிறது. முழங்காலில் விழுகிறான். போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்க்கிறான். கர்த்தரின் பெயர் கடைசி வரியில் ஒரே ஒருமுறை வரும். அந்த ஒரு முறைக்காகத்தான் மற்ற எல்லாப் பொய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டின் முதல் வடிவத்தில் குடிகாரன் நான்தான்! பிறகு யோசித்தேன். அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்? மனைவியின் ஆட்கள் நம்பிவிட்டால்? நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேனே! ‘நான்’ என்பதை அழித்து ‘அப்பா’ என்று மாற்றினேன். கர்த்தருக்காகக்கூட என் பெயரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் பெயரைக் கெடுக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

பாட்டு என்றால் கற்பனைதானே என்று நீங்கள் எனக்காக வாதாட வேண்டாம். அந்தக் கதவையும் நானே அடைத்தேன். பாட்டு பிரபலமாகத் தொடங்கியபோது வானொலிக்கு அழைத்தார்கள். அறிவிப்பாளர் பெண், குரலைத் தாழ்த்தி, இது உண்மையா என்று கேட்டார். எனக்கு முன்னால், நேரடியாக ஒலிபரப்பாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஒவ்வொரு சொல்லும்” என்றேன்.

அம்மாவும் அப்பாவும் வீட்டுக் குசினியில் வானொலியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் கேட்கச் சொல்லியிருந்தேன். பாட்டைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் கேட்கச் சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகனை வானொலியில் கேட்கும் சந்தோஷத்தில் மற்றது அமுங்கிப்போகும் என்று நினைத்தேனோ என்னவோ... மடையன்!

அப்பா அன்று தொலைபேசியில் மெட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் மளமளவென்று விளக்கினேன். இது சாட்சி, இதனால் பலரின் மனம் தொடப்படும் என்றெல்லாம் அளந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவரைச் சுற்றி ஆட்கள். நாற்பது வருடங்களாகத் தலையசைப்போடு கடந்துபோனவர்கள் கட்டிப்பிடித்தார்கள். கர்த்தர் உங்களை எவ்வளவு பெரிய குழியிலிருந்து தூக்கியிருக்கிறார் என்று ஒரு அன்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அப்பா மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, ஆக்கள் கேக்கினம். நான் எந்த வருஷம் குடியை விட்டனான் எண்டு சொல்லு. நீ ஒண்டு சொல்லி நான் ஒண்டு சொன்னா, நீ பொய்யனாப் போவாய்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக வருடம் கேட்டார்! நானும் சொன்னேன்... நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது என்று. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சேர்ட்டைக் கழற்றப் போனார். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், காலில் விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அப்போது பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அதைச் செய்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் எனக்கு அதிகக் கோபம்!

மூன்று வாரம் கழித்துப் போதகரும் சபைச் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். நெளிந்தார்கள். குடியை விட்ட ஒருவரின் வீட்டில் போத்தலை வைத்திருக்கச் சொன்னது சபையின் தவறு, இத்தனை வருடம் உங்களை எப்படிச் சோதனைக்குள் வைத்திருந்தோம் என்று மன்னிப்புக் கேட்டார்கள். இனிமேல் செயலாளரின் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அப்பா எழுந்து போய்ப் பைபிளை ஒதுக்கி, போத்தலை எடுத்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். நான் கதிரையில் இருந்தேன். என் தேநீரைக் குடித்து முடித்தேன்.

கிண்ணம் பிடிக்கும் வேலையும் போயிற்று. மணம் பட்டால் கஷ்டமாக இருக்குமே என்ற அக்கறை! அதோடும் விட்டார்களா? அடுத்த திருவிருந்தில் கிண்ணத்துக்குள் வைன் இல்லை. சுப்பர் மார்க்கெட்டில் விற்கும் திராட்சைச் சாறு. ஒரு சகோதரனுக்கு இடறலாக இருக்கக்கூடாது என்று சபை முழுவதும் ஏகமனதாக மாறிவிட்டது. அந்தச் சகோதரன் முழங்காலில் நின்று, சிறு பிள்ளைகள் குடிக்கும் இனிப்புச் சாற்றைப் பணிவாக வாங்கிக் குடித்தார். பக்கத்தில் முழங்காலில் நின்றவன் நான்.

அன்பினால் ஒரு மனிதனை இவ்வளவு அவமானப்படுத்த முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அம்மாதான் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தா. கோயிலில் பெண்கள் அவவைத் தேற்றித் தேற்றிக் களைக்கவைத்த காலம் அது.

“உன்ரை பாட்டிலை நான் அழுதுகொண்டே இருக்கிறன்” என்றா. “ஒரு வரியிலையாவது என்னைச் சிரிக்க விட்டிருக்கலாம்.”

நீங்கள் கேட்கலாம், அப்போதாவது சபையில் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். அந்த வருடம் மெல்பேர்னுக்கு வடக்கே நடக்கும் பெரிய கன்ட்ரி இசை விழாவில் பாட அழைத்திருந்தார்கள். அது முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. பிறகு இன்னொன்று வந்தது. என் கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு நிகழ்ச்சி நிரல் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் தவம் வந்தான்.

அகதியாகப் படகில் வந்த பெடியன். இப்போது நாற்பதை நெருங்குகிறான். தற்காலிக விசாவில், நகரத்தின் மறு ஓரத்தில், கிரெய்கிபர்னில் வாடகை அறையில் இருந்துகொண்டு, பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். மனைவியும் மகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட வழியில்லை. வேலை முடிந்தால் குடிதான். அவனுடைய வெள்ளைக்கார மேஸ்திரி வேலைக்குப் போகும் வான் வண்டியில் அந்தப் பாட்டைப் போடுவாராம். பாடுவது உங்கள் ஆள், தெரியுமா என்று கேட்டாராம். அதைப் பிடித்துக்கொண்டு, குடியை விட்ட அந்தத் தகப்பனைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து விசாரித்து எங்கள் கோயிலுக்கு வந்துவிட்டான். சைவப் பிள்ளை. கோயிலுக்குள் வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல், வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

அப்பா அவனை வெளியே அழைத்துப் போய் ஒரு மணி நேரம் பேசினார். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், சத்தியமாக!

அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளென் வேவர்லியிலிருந்து ரயில் ஏறி, நகரத்தில் மாறி, கிரெய்கிபர்ன்வரை போனார். ஒரு லைனின் கடைசியிலிருந்து இன்னொரு லைனின் கடைசிக்கு. கையில் அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பம். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் வேண்டாம் என்பார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் போனார். தவம் குடியை விட்டான்.

போன குளிர்காலத்தில் அப்பா மாரடைப்பில் இறந்தார்.

செத்த வீட்டில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில், முகம் திறந்திருக்க, அவருக்கு முன்னாலேயே. முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவ என்னைப் பார்க்காமல் அப்பாவின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தா.

“பாடு. பாடாட்டி ஏனெண்டு கேப்பினம்.”

பாடினேன்! ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. தள்ளாடிக்கொண்டு வரும் தகப்பனைப் பாடினேன், தொட்டிக்குள் கவிழ்ந்த போத்தலைப் பாடினேன். பின்வரிசையில் விம்மல் கேட்டது. எந்த வரியில் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரியில் கொஞ்சம் நிறுத்தினேன். மேடைப் பழக்கம். அப்பாவின் பிணத்துக்கு முன்னாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

முடிந்ததும் தவம் வந்து என் கையைப் பிடித்தான்.

“அங்கிள் சொன்னவர் அண்ணை, மூண்டாம் நாள்தான் கை கூடுதலா நடுங்கும், பயப்பிடாதை எண்டு. தனக்கும் அப்பிடித்தான் நடுங்கினதாம். அந்த மூண்டாம் நாள் முழுக்க என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்.”

நான் தலையசைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அப்பாவின் மேசையை ஒதுக்கினேன். ஜெபக் குறிப்புகள் எழுதும் கொப்பி ஒன்று இருந்தது. கடைசிப் பக்கங்களில் அவருடைய சீரான எழுத்தில் வேறு ஏதோ. குடியை நிறுத்தினால் முதல் நாள் என்ன ஆகும், மூன்றாம் நாள் என்ன ஆகும், எப்போது டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். சாராயத்தில் என்ன மணம், என்ன ருசி. யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறார். சில இடங்களில் கேள்விக்குறி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைப்போலப் படித்திருக்கிறார்... பொய் சொல்வதற்கு! தன் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர், எண்பதை நெருங்கும் வயதில், பொய்யைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கியிருக்கிறார்.

கீழே ஒரே ஒரு வரி. ‘கர்த்தாவே, இதை அவன்மேல் சுமத்தாதிரும்.’

அந்த ‘அவன்’ தவமா, நானா? என்னையா காப்பாற்றினீர்கள் அப்பா? யார் கேட்டது?

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எவ்வளவு அழகான முடிவு, தீமையிலிருந்து நன்மை பிறந்துவிட்டது என்று தலையை ஆட்டாதீர்கள். அப்படி ஒரு பாட்டு எழுத எனக்கே தெரியும். இரண்டு நாளில் எழுதிவிடுவேன். அவரிடமிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன், பெயரைப் பிடுங்கினேன், கடைசியில் அவருடைய உண்மையையும் பிடுங்கினேன். தவம் பிழைத்தது அப்பாவின் நல்ல மனதால். என் பாட்டுக்கு அதில் ஒரு சதப் பங்கும் கிடையாது.

இப்போது சபையில் எழுந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? தவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பொய்யராகிவிடுவார். அவன் மறுபடி போத்தலைத் தேடிப்போனால்? இதைச் சொல்லித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தவம் வருவதற்கு முன்னாலும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்! அவன் எனக்குக் கிடைத்த இன்னொரு சாட்டு, அவ்வளவுதான். அவன் ஆங்கிலத்தில் பாட்டுக் கேட்பானே தவிர, தமிழில்கூட எதையும் வாசிக்கிறவன் அல்லன். அந்தத் தைரியத்தில்தான் இதையும் உங்களுக்கு எழுதுகிறேன். பாருங்கள், ஒப்புக்கொள்ளும்போதும் எவ்வளவு பத்திரமான இடத்தில் நின்று ஒப்புக்கொள்கிறேன்!

போன சனிக்கிழமை தவம் வீட்டுக்கு வந்தான். இப்போது சனிக்கிழமைகளில் அவன்தான் அம்மாவைப் பார்க்க அந்த இரண்டு ரயில்களையும் பிடித்து வருகிறான். ஞானஸ்நானம் எடுக்கப்போகிறானாம்.

“அங்கிள் கடைசியாக் குடிச்ச நாள் எது அண்ணை? வருஷம் சொன்னவர், நாள் சொல்லேல்லை. அந்த நாளிலைதான் நான் எடுக்கவேணும்.”

அம்மா குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தா. கரண்டிச் சத்தம் நின்றது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. மூன்றே பேர். சொல்லியிருக்கலாம்.

நான் ஒரு திகதி சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. வானொலியில் ‘ஒவ்வொரு சொல்லும்’ என்று நான் சொன்ன அந்த நாள், அந்த மாதம். எனக்கு மறக்காத திகதி அது ஒன்றுதான்.

தவம் தொலைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டான். சந்தோஷத்தில் அவன் கண் கலங்கியது. இந்த வருடம் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பாருங்கள் அண்ணை என்றான். அம்மா தேநீரைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தா. எனக்கு வைக்கவில்லை.

அந்த ஞாயிறு ஞானஸ்நானத்துக்குப் பிறகு திருவிருந்தும் உண்டு. திராட்சைச் சாறுதான். நான் பாட வேண்டும் என்று தவம் கேட்டிருக்கிறான்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.